சமையலறைத் தபால்: வீட்டிலேயே கிரானோலா பார்

பள்ளிக்கூடம் திறந்தால் போதும், நமக்கு வருகிற கேள்விகள் எல்லாம் டிபன் பாக்ஸ் பக்கம் திரும்பிவிடும். ஓட்ஸ், கடலை, விதைகள் எல்லாவற்றையும் சேர்த்துத் துண்டு போடுகிற கிரானோலா பார் பற்றி வந்த கடிதங்களே இந்த இதழுக்குக் காணும். அதனால் ஊறுகாய்க் கேள்விகள் அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வாசகி, திருப்பூர்): அக்கா, எனக்கு 8 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஸ்கூல் விட்டு வந்ததும் கடையில் விற்கிற கிரானோலா பார்தான் வேண்டும் என்று அடம். அதை வீட்டிலேயே செய்ய அளவோடு சொல்லுங்கள். உண்மையில் அது உடம்புக்கு நல்லதுதானா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். வீட்டில் செய்தோம் என்பதற்காக மட்டும் எதுவும் நல்லதாகிவிடாது. பார் என்பது இனிப்புப் பண்டம், அதை மறக்காமல் செய்தால் நல்ல பண்டம். ஓட்ஸும் கடலையும் தானாக ஒன்றோடொன்று ஒட்டாது, ஒட்டவைக்கத்தான் பாகு. அந்த வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இனிப்பு போட்டால் போதும், ருசிக்கென்று தனியாகப் போட வேண்டியதில்லை. கடை பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பொருட்களின் பட்டியலில் எது எடையில் அதிகமோ அது முதலில் வரும், அப்படித்தான் போட வேண்டும் என்பது விதி. சர்க்கரை, லிக்விட் குளுக்கோஸ், இன்வெர்ட் சிரப், தேன், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இனிப்பை நாலைந்து பெயரில் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும், ஓட்ஸ் முதலிடத்துக்கு வந்துவிடும். கூட்டிப் பார்த்தால் வேறு கதை. வீட்டில் செய்வதில் உள்ள லாபம் இந்தக் கணக்கு நம் கையில் இருப்பதுதான்.

சரி, அளவு. ரோல்டு ஓட்ஸ் 2 கப், அதாவது 180 கிராம். இன்ஸ்டன்ட் ஓட்ஸ் வேண்டாம், அது பாகு பட்டதும் கூழாகிவிடும். வேர்க்கடலை 100 கிராம், வெள்ளை எள் 2 டேபிள்ஸ்பூன், பூசணி விதையோ சூரியகாந்தி விதையோ கால் கப், உலர் திராட்சை கால் கப், பொடித்த வெல்லம் 150 கிராம், நெய் 2 டேபிள்ஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். ஏலக்காயோ சுக்குப்பொடியோ உங்கள் இஷ்டம், எனக்குச் சுக்குதான் பிடிக்கும்.

ஓட்ஸை வெறும் வாணலியில் சிறு தீயில் வாசம் வரும்வரை வறுத்துக் கொட்டுங்கள். நிறம் மாறுவதற்குள் இறக்கிவிட வேண்டும், ஏழெட்டு நிமிடம் ஆகும். விதைகளையும் எள்ளையும் தனித்தனியாக வறுங்கள், எள் பொரியும் சத்தம் கேட்டதும் எடுத்துவிடுங்கள். கடலையை நன்றாக வறுத்து ஆறவைத்துத் தேய்த்து, முறத்தில் போட்டுத் தோலைப் புடைத்து எடுங்கள். அந்தச் சமயத்திலேயே சுருங்கியது, கறுத்தது, பூஞ்சணம் பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அந்தப் பூஞ்சணம் உண்டாக்குகிற அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சு, வறுத்தால் போய்விடுகிற விஷயம் இல்லை. வாயில் போட்டுக் கசந்தால் துப்பிவிட வேண்டியதுதான்.

இப்போது முக்கியமான இடம். கடலையில் பாதியை ஒன்றிரண்டாக உடைத்து வையுங்கள். மீதிப் பாதியை மிக்சியின் சின்ன ஜாரில் போட்டு, நடுநடுவே நிறுத்தி ஓரத்தை வழித்துவிட்டு, கடலையின் எண்ணெயே பிரிந்து விழுதாகும்வரை அரையுங்கள். இந்த விழுதும் ஒட்டும். இது செய்கிற வேலையால்தான் வெல்லத்தை 150 கிராமோடு நிறுத்த முடிகிறது. வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டி (மண் கட்டாயம் இருக்கும்) மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்த்தால் உருண்டு திரள வேண்டும், அமுக்கினால் மெத்தென்று கொடுக்க வேண்டும். அதிரசத்துக்கு எடுக்கிற பதத்துக்குக் கொஞ்சம் மேலே. சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் 120 டிகிரி செல்சியஸ். அடுப்பை அணைத்து நெய், உப்பு, கடலை விழுது, சுக்கு போட்டுக் கலக்கி, உடனே எல்லாவற்றையும் கொட்டிக் கிளறுங்கள். திராட்சையைக் கடைசியில் சேருங்கள்.

8 அங்குலச் சதுரத் தட்டில் பட்டர் பேப்பர் போட்டு, கலவையைக் கொட்டி, மேலே இன்னொரு பேப்பர் வைத்து, தட்டையான அடி உள்ள டவராவால் அழுத்துங்கள். ஓவனை முன்னதாகவே சூடாக்கி 150 டிகிரியில் 15 நிமிடம். வெளியே எடுத்து வெதுவெதுப்பாக இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டுவிட்டு, முழுக்க ஆறிய பிறகு துண்டுகளாக்குங்கள். 16 துண்டு வரும். ஒரு துண்டுக்குச் சுமார் 150 கலோரி, புரதம் 4 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, வெல்லம் 9 கிராம். ஒரு பிள்ளைக்கு மாலையில் ஒன்று, கூட ஒரு டம்ளர் பால். இரண்டாவது கேட்டால் வாழைப்பழம் கொடுங்கள். பல்லில் ஒட்டுகிற பண்டம் என்பதால் சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (வாசகி, மதுரை): எல்லாம் அளவாகத்தான் போட்டேன், கத்தி வைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. கடைசியில் ஸ்பூன் போட்டுச் சாப்பிட்டோம். எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் அழுத்தியது பற்றாமல்தான் இப்படி ஆகும். கையால் தட்டிச் சமன் செய்துவிட்டு விட்டுவிடுகிறோம், அது போதாது. பேப்பரை மேலே போட்டு உடம்பு பாரத்தைக் கொடுத்து, முக்கியமாக நாலு ஓரத்திலும் மூலையிலும், இனி அமுங்காது என்கிற வரை அழுத்த வேண்டும். அடுத்த காரணம் பெரிய துண்டுகள். முழு பாதாம், முழு முந்திரி போட்டிருந்தால் கத்தி அதன்மேல் ஏறும்போது அது அப்படியே நகர்ந்து சுற்றியிருப்பதையும் பெயர்த்துக்கொண்டு வரும். எதுவும் பச்சைப்பட்டாணிக்கு மேல் பெரிதாக இருக்க வேண்டாம். ஓட்ஸில் மூன்றில் ஒரு பங்கை மிக்சியில் ஒரு சுற்று விட்டுப் பொடியாக்கிச் சேர்த்தால், அது இடுக்கில் போய் அடைத்துக்கொண்டு பிடிமானம் கொடுக்கும்.

அப்புறம் பொறுமை. சூடாக இருக்கும்போது பாகு இன்னும் இளகியே இருக்கிறது, அப்போது வெட்டினால் எந்தப் பாரும் உதிரத்தான் செய்யும். கோடு மட்டும் போட்டுவிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். பாகு இளம் பதத்தில் இறக்கப்பட்டிருந்தாலும் இதே கதிதான், ஆனால் அப்போது தொட்டால் கையில் பிசுபிசுக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கை காய்ந்திருந்து உதிர்ந்தால் அழுத்தக் குறை, பிசுபிசுத்து உதிர்ந்தால் பதக் குறை.

உதிர்ந்ததை வீணாக்க வேண்டாம். அதுதான் கிரானோலா, பாட்டிலில் போட்டுத் தயிரிலும் பாலிலும் போட்டுச் சாப்பிடுங்கள். வெளிநாட்டில் அதைத்தான் தனியாகப் பாக்கெட் போட்டு விற்கிறார்கள்.

கேள்வி (வாசகி, கும்பகோணம்): எங்கள் வீட்டில் ஓவன் இல்லை.

பதில்: வேண்டவே வேண்டாம். ஓட்ஸை இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக வறுத்து, பாகை ஒரு பிடி கூடுதலாக முற்றவிட்டு, நெய் தடவிய தட்டில் அழுத்தி ஆறவிடுங்கள். ஓவனில் வைத்தது மொறுமொறுப்பாக இருக்கும், இது கொஞ்சம் மெல்லுகிற மாதிரி வரும். பிள்ளைகளுக்கு இதுதான் அதிகம் பிடிக்கிறது என்று எனக்கே தோன்றுகிறது. தட்டில் போடச் சோம்பலாக இருந்தால் கை பொறுக்கும் சூட்டில் உருண்டையாகப் பிடித்துவிடுங்கள், பொரியுருண்டை பிடிக்கத் தெரிந்த கைக்கு இது ஒரு வேலையே இல்லை.

கேள்வி (வாசகி, கோயம்புத்தூர்): வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை, தேன், பேரீச்சம்பழம் இவற்றில் எதைப் போட்டால் சுகர் உள்ளவர்கள் சாப்பிடலாம்? என் மாமியாருக்குச் சுகர். "வெல்லம் தானே, ஒன்றும் செய்யாது" என்று நாலு துண்டு எடுத்துக்கொள்கிறார்.

பதில்: உங்கள் அத்தையிடம் பக்குவமாகத்தான் சொல்ல வேண்டும், ஆனால் சொல்லியே ஆக வேண்டும். வெல்லமும் சர்க்கரைதான். 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் 390 கலோரிக்குப் பக்கம் என்றால் வெல்லத்தில் 380க்குப் பக்கம், பெரிய வித்தியாசம் இல்லை. வெல்லத்தில் கொஞ்சம் இரும்பும் மற்ற தாதுக்களும் இருப்பது உண்மை, வாசமும் ருசியும் உண்டு, நானும் அதனால்தான் வெல்லம் போடுகிறேன். ஆனால் ஒரு துண்டு பாரில் இருக்கிற 9 கிராம் வெல்லத்திலிருந்து கிடைக்கிற இரும்பை நம்பி ரத்தசோகையைச் சரிசெய்ய முடியாது, அதற்கு முருங்கைக்கீரை பக்கம் போக வேண்டும். தேனும் அப்படித்தான். நாட்டுச்சர்க்கரையும் அப்படித்தான். பேரீச்சையில் நார்ச்சத்து இருக்கிறது, அதனால் ஒரு படி மேல் என்று சொல்லலாம், இருந்தாலும் அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கத்தில் சர்க்கரைதான். "சர்க்கரை சேர்க்கவில்லை, பேரீச்சை மட்டும்" என்று சொல்லிக்கொண்டு கால் கிலோ பேரீச்சையை அரைத்துக் கொட்டுகிற குறிப்புகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கணக்கு இது. நாம் சேர்க்கிற சர்க்கரை, தேன், சிரப், பழச்சாற்றில் இருக்கிற சர்க்கரை எல்லாம் சேர்த்து, ஒரு நாள் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம், 25 கிராம். இது சுகர் இல்லாதவர்களுக்கும் சேர்த்துச் சொன்னது. நாலு துண்டு என்றால் வெல்லம் மட்டுமே 36 கிராம், மேலே திராட்சை வேறு, ஓட்ஸின் மாவுச்சத்து வேறு. காலை காபியில் போட்டது இன்னும் கணக்கில் வரவில்லை.

அதனால் அத்தைக்கென்று ஒரு பாரைத் தேடாமல், பாருக்குள் போகிற பொருட்களையே பாகில்லாமல் கொடுங்கள். வறுத்த கடலை ஒரு சின்னக் கைப்பிடி, பூசணி விதை, எள், கொஞ்சம் உப்பும் மிளகும். ஒட்டவைக்க வேண்டிய அவசியம் இல்லாதபோது பாகு எதற்கு? வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது அவருக்கும் ஆசையாக இருக்கும் என்பதும் வாஸ்தவம். ஒரு துண்டில் பாதி, அதுவும் அன்றைக்கு வேறு இனிப்பு இல்லையென்றால், எவ்வளவு மாவுச்சத்து என்று டாக்டரிடமோ டயட்டீஷியனிடமோ கணக்குக் காட்டிக் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். கடைக்குப் போனால் பளபளவென்று மஞ்சளாக இருக்கிற வெல்லத்தை வாங்காதீர்கள். அந்த நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுக்கவைக்கிற ரசாயனம் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். கறுப்பாக இருப்பதே மேல்.

கேள்வி (வாசகர், கோவில்பட்டி): எங்கள் ஊர்க் கடலை மிட்டாய் இருக்கும்போது வெள்ளைக்காரன் மிட்டாய் எதற்கு?

பதில்: உங்கள் ஊர்க்காரர் கேட்கவில்லை என்றால்தான் ஆச்சரியம். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், கரிசல் மண் கடலை, தேனிப் பக்கத்து வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று அதற்கு ஒரு ஜாதகமே இருக்கிறது. கிரானோலாவின் ஜாதகம் அவ்வளவு ருசியானது இல்லை. 1863இல் நியூயார்க் மாகாணத்து டான்ஸ்வில் என்ற ஊரில் இயற்கை வைத்தியசாலை நடத்திய ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்ற டாக்டர், முழுக்கோதுமை மாவைச் சுட்டு, உடைத்து, மறுபடி சுட்டு நோயாளிகளுக்குக் கொடுத்தார். அது அத்தனை கெட்டி, முதல் நாள் இரவே பாலில் ஊறப்போட்டால்தான் மெல்ல முடியும். அவர் வைத்த பெயர் கிரானுலா. கார்ன்ஃப்ளேக்ஸ் புகழ் ஜான் ஹார்வி கெல்லாக் தானும் அதுபோல் ஒன்று செய்து அதே பெயரை வைக்க, தகராறு வந்து, ஒரு எழுத்தை மாற்றிக் கிரானோலா ஆக்கினார். ஓட்ஸும் தேனும் கொட்டைகளும் சேர்ந்த இன்றைய வடிவம் 1960களுக்குப் பிறகு பிரபலமானது, துண்டு போட்ட பார் 1975இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. எள்ளுருண்டை அதற்கு எவ்வளவோ முன்னாலேயே நம் பாட்டிமார் டப்பாவில் இருந்தது.

இருந்தாலும் நியாயமாகப் பேச வேண்டும் இல்லையா? கடலை மிட்டாயில் எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை வெல்லம் இருக்கும், பாகும் தண்ணீரில் விட்டால் டக்கென்று உடைகிற முறுகல் பதம். மேலே சொன்ன பாரில் வெல்லம் கால் பங்குக்குக் கொஞ்சம் அதிகம், ஓட்ஸின் நார்ச்சத்தும் இருக்கிறது. மறுபக்கம், புரதத்தில் கடலை மிட்டாய் முந்தும். உங்கள் ஊரில் இருந்துகொண்டு பார் செய்ய மெனக்கெட வேண்டாம், நல்ல கடலை மிட்டாயாக ஒரு சின்னத் துண்டு போதும். எனக்கும் ஒரு பாக்கெட் அனுப்பினால் மறுக்க மாட்டேன்.

கேள்வி (வாசகி, டொராண்டோ): இங்கே பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் கடலை, கொட்டை வகை எதுவும் கொண்டுபோகக் கூடாது. உங்கள் குறிப்புகள் எல்லாம் வேர்க்கடலையில்தான் தொடங்குகின்றன. என்ன செய்வது?

பதில்: அந்தக் கண்டிப்பு நல்லதற்குத்தான். பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டது ஒவ்வாமையாகி சப்ரினா என்ற மாணவி உயிரிழந்த பிறகு உங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் அவள் பெயரிலேயே சப்ரினா சட்டம் கொண்டுவந்தார்கள், 2006 முதல் நடப்பில் இருக்கிறது, கடுமையான ஒவ்வாமைக்கு ஒவ்வொரு பள்ளிக்கூடமும் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். "கொஞ்சம்தானே" என்று கொடுத்துவிடாதீர்கள்.

கடலை விழுதுக்குப் பதில் சூரியகாந்தி விதையை வறுத்து அதேபோல் விழுதாக அரைத்துக்கொள்ளுங்கள், ஒட்டுவதில் குறை இருக்காது. உடைத்த கடலையின் இடத்தில் பூசணி விதையும் பொட்டுக்கடலையும் போடலாம். பொட்டுக்கடலை நம் ஆட்களுக்குக் கைவசம் இருக்கிற அருமையான பொருள், பொரிந்த மாதிரி கடிபடும். எள்ளையும் விட்டுவிடுவது பாதுகாப்பு, கனடாவில் அதுவும் முக்கிய ஒவ்வாமைப் பொருட்களில் ஒன்று. விதைப் பாக்கெட்டுகளில் "கொட்டை வகைகள் கலந்திருக்கலாம்" என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் கடலைச் சட்னி அரைக்கிற அதே ஜாரில் இதை அரைத்தால் பட்ட பாடெல்லாம் வீண், அதையும் நன்றாகக் கழுவியாக வேண்டும். இன்னொன்று, சூரியகாந்தி விழுது போட்ட கலவையில் பேக்கிங் சோடா சேர்த்தால் ஆறிய பிறகு உள்ளே பச்சையாக மாறும். பூஞ்சணம் என்று பயந்து தூக்கிப்போடுகிறவர்கள் உண்டு. விதையில் இருக்கிற குளோரோஜெனிக் அமிலம் சோடாவோடு சேர்வதால் வருகிற நிறம் அது, ஒன்றும் செய்யாது. நம் அளவில் சோடாவே கிடையாது.

கேள்வி (வாசகி, விழுப்புரம்): 10 மாதக் குழந்தைக்கு இதைப் பொடித்துப் பாலில் கரைத்துக் கொடுக்கலாமா? தேன் போட்டுத்தான் செய்தேன்.

பதில்: வேண்டாம். ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் எந்த உருவத்திலும் கூடாது, சேனை வைக்கிற பழக்கம் உட்பட. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் ஸ்போர்கள் இருக்கக்கூடும், அவை நம் ஓவன் சூட்டுக்குச் சாகாது, கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நச்சு சுரக்கும். அந்த வயதில் வெல்லமும் தேவையில்லை. பெரிய குழந்தைகள் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை: 5 வயதுவரை முழுக் கடலை, முழு முந்திரி கொடுக்காதீர்கள், ஓடிக்கொண்டே சாப்பிட்டால் மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். அந்த வயதுக்காரர்களுக்கு எல்லாவற்றையும் நைசாகப் பொடித்து மெத்தென்ற உருண்டையாகப் பிடித்து, உட்கார வைத்துக் கொடுங்கள்.

கேள்வி (வாசகி, சென்னை): ஐப்பசி கார்த்திகையில் செய்தால் இரண்டே நாளில் நமுத்துப்போகிறது. எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்?

பதில்: வெல்லத்துக்கு ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு, அதிலுள்ள குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் செய்கிற வேலை. மழைக்காலத்து மெட்ராஸ் காற்றில் மூடியைத் திறந்து திறந்து மூடினாலே போதும். முதலில், முழுக்க ஆறாமல் டப்பாவில் போடாதீர்கள், உள்ளே ஆவி வியர்த்து அந்த ஈரமே நமுக்க வைக்கும். ஒவ்வொரு துண்டையும் பட்டர் பேப்பரில் சுற்றி, காற்றுப் புகாத சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து வையுங்கள், ஒரு டப்பா தீர்ந்தால்தான் அடுத்தது. வெல்லப் பாகில் செய்தது இப்படி வைத்தால் ஒரு வாரம் பத்து நாள் தாராளமாக இருக்கும். பேரீச்சை அரைத்துப் போட்டதில் ஈரம் அதிகம், அதை ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். நமுத்துவிட்டதை 120 டிகிரியில் 10 நிமிடம் ஓவனில் காட்டி ஆறவிட்டால் மறுபடி மொறுமொறுக்கும்.

நமுத்தது கெட்டதில்லை, ஆனால் சிக்கு வாடை அடித்தால் கெட்டதுதான். கொட்டைகளிலும் விதைகளிலும் உள்ள எண்ணெய் நாள்பட்டால் அப்படி ஆகும், முக்கியமாக ஆளிவிதையைப் பொடித்துப் போட்டிருந்தால் சீக்கிரமே ஆகும். ஆளிவிதையைப் பொடிக்காமல் போட்டால் அப்படியே உள்ளே போய் அப்படியே வெளியே வந்துவிடும், பொடித்தால் சிக்கு பிடிக்கும். அதனால் கொஞ்சமாகப் பொடித்து, கொஞ்சமாகச் செய்யுங்கள்.

கேள்வி (வாசகி, தர்மபுரி): ஓட்ஸுக்குப் பதில் எங்கள் ஊர்க் கேழ்வரகைப் போட முடியாதா?

பதில்: ராகி அவல் என்று இப்போது கடைகளில் தட்டையாக விற்கிறார்கள், அதைப் போடுங்கள். சிவப்பரிசி அவல், சோளப் பொரி, கம்பு அவல் எதுவும் சரி. ஓட்ஸ் அளவுக்கு அவை பாகை உறிஞ்சாது, அதனால் வெல்லத்தை 120 கிராமாகக் குறைத்தாலும் பிடித்துக்கொள்ளும். அவலை மட்டும் கையில் நொறுக்கினால் பொடியாகிற வரை வறுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ரப்பராகிவிடும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பதால் வளர்கிற பிள்ளைகளுக்கு நல்ல மாற்று. ராகி மாவைப் போடுவதாக இருந்தால் பச்சை வாசம் போக வறுத்து, கால் கப்புக்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் போட்டால் பார் நெஞ்சை அடைக்கும்.

கேள்வி (வாசகி, ஈரோடு): கணவர் ஜிம்முக்குப் போகிறார், புரோட்டீன் பவுடரைக் கலந்து செய்து தரச் சொல்கிறார்.

பதில்: கலக்கலாம், ஆனால் வே புரோட்டீன் என்கிற பால் புரதப் பவுடர் பாகின் ஈரத்தை உறிஞ்சி இரண்டாம் நாளே பாரைக் கல்லாக்கிவிடும், ஓவனில் வைத்தால் இன்னும் மோசம். அரைக் கப் பொட்டுக்கடலையை மாவாக்கிப் போடுங்கள், கடலை விழுதைக் கொஞ்சம் கூட்டுங்கள். புரதம் ஏறும், பாரும் பல்லுக்கு அடங்கும். பவுடரை அவர் டம்ளரில் கலக்கிக் குடித்துக்கொள்ளட்டும்.

கேள்வி (வாசகி, தஞ்சாவூர்): அக்கம்பக்கத்தில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். விற்கலாமா?

பதில்: தாராளமாக. வீட்டிலிருந்து விற்றாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும், ஆன்லைனிலேயே போடலாம். பாக்கெட்டில் பொருட்களின் பட்டியல், எடை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், பதிவு எண், பச்சைப் புள்ளி எல்லாம் இருக்க வேண்டும். வேர்க்கடலை, எள் இருப்பதைத் தெளிவாகப் போடுங்கள். "சுகர் உள்ளவர்களும் சாப்பிடலாம்", "எடை குறையும்" என்றெல்லாம் அச்சடிக்காதீர்கள், அது சட்டப்படியும் வம்பு, உண்மையும் இல்லை. ருசியாக இருக்கிறது என்பதே வாங்குவதற்குப் போதுமான காரணம்.

கேள்வி (வாசகி, நாகர்கோவில்): என் பையன் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டுத் திராட்சையை மட்டும் பொறுக்கித் தட்டில் வைத்துவிடுகிறான்.

பதில்: அடுத்த முறை பொடியாக நறுக்கிப் போட்டுப் பாருங்கள். அதையும் கண்டுபிடித்துவிட்டால் திராட்சையை விட்டுவிட்டு நேந்திரன் வற்றலை உப்பில்லாமல் வாங்கி உடைத்துப் போடுங்கள், உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்?